செருப்பைக் கேட்டவள்

டெலிவிஷன் தொடரில் யாராவது செத்தால் சுகிர்தத்துக்கு வேலை வரும்.

குற்றாலத்திலும் இலத்தூரிலும் பழைய பெரிய வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தொடர் எடுக்க வருகிறவர்களுக்குக் கல்யாண வீட்டுக் காட்சிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு யாரும் வந்து உட்காருவார்கள். சாவு வீட்டுக்கு அப்படி இல்லை. அழத் தெரிய வேண்டும். வேண்டும்போது அழ வேண்டும். போதும் என்றால் நிறுத்த வேண்டும். "துட்டி சீன் இருக்கும்மா, இருபது பேர் வேணும்" என்று தயாரிப்பு மேனேஜர் போனில் சொன்னால், மறுநாள் காலை மேலகரத்திலிருந்து இருபது பெண்கள் தலை சீவாமல், வெளுத்த சேலையில் வந்து இறங்குவார்கள். சாவு வீட்டைத் துட்டி வீடு என்று சொல்வதை அந்த மேனேஜரே சுகிர்தத்திடம்தான் கற்றுக்கொண்டார்.

அதற்கு முன்பு அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பழைய குற்றாலம் போகிற வழியில் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க நின்றாள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளை எழுப்பிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சுகிர்தத்தைக் கைகாட்டி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தாள், அழுதாள். கண் எரிய வைக்கும் மருந்தைத் தொடவே இல்லை. அன்றோடு பீடித்தட்டு பரணுக்குப் போனது.

மருந்தில்லாமல் எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் மறைக்கவில்லை.

"கொட்டாவி வருதுன்னு நெனைச்சுக்கோ. வாயைத் திறக்காம அடக்கு. கண்ணு தானா நெறையும்."

"ஏட்டி, எனக்கு நெசமாவே கொட்டாவி வருதுட்டி" என்பாள் பக்கத்து வீட்டு முப்பிடாதி. "காலைல நாலு மணிக்கு எழுப்பி விட்டுட்டு அடக்குங்கியே!"

தொடரில் துக்கம் எப்படி வரும் என்பது இந்தப் பெண்களுக்கு மனப்பாடம். திடீர்ச் சாவென்றால் முதலில் போன் மணி. எடுத்தவள் கையிலிருந்து போன் நழுவி விழும். போன் உடைந்துவிடக் கூடாது என்று கீழே ஒருவர் தலையணை பிடித்திருப்பார். பிறகு முகத்தை மூன்று பக்கத்திலிருந்து எடுப்பார்கள். கொண்டை அவிழும். ஓட்டம் வரும், மெதுவாக. வாசலில் கூட்டம் விலகி வழிவிடும். அந்தக் கூட்டம் சுகிர்தத்தின் ஆட்கள். கடைசியில் பிணத்தின் மேல் விழுந்து, சட்டையைப் பிடித்து உலுக்கி, எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். உலுக்காத பெண்டாட்டி தொடரில் கிடையாது. ஒருமுறை அப்படி உலுக்கிக்கொண்டிருக்கும்போது தலைமாட்டில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பைக் குரங்கு ஒன்று தூக்கப் பார்த்தது. பிணமாகப் படுத்திருந்தவர் கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். இருபது பெண்களும் அழுகையை நிறுத்தவில்லை. டைரக்டர் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லையே.

அவர்களை ஏற்றி இறக்கியது சுகிர்தத்தின் கணவர் செல்லப்பா. சீசனில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வேன் ஓட்டுவார். சீசன் முடிந்தால் இவர்கள்தான் சவாரி. படப்பிடிப்பு முடியும்வரை வேனுக்குள் கால் நீட்டித் தூங்குவார். சாயங்காலம் மனைவி முன்சீட்டில் ஏறியதும் வண்டியை எடுக்காமல் முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னைக்கு யாருட்டி செத்தா?"

"நாத்தனார் மாப்பிள்ளை."

"போன வாரமும் அவன்தானே செத்தான்?"

"போன வாரம் ஆஸ்பத்திரில செத்தான். இன்னைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்காவ."

ஒளிபரப்பாகும்போது டி.வி. முன்னால் போய் நின்று அவளைத் தேடுவார். நெற்றி தெரியும், இல்லையென்றால் தோள். "உன் முழங்கை நல்லா நடிச்சிருக்குட்டி" என்பார். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெனிக்கு அந்த முழங்கையைப் படம் பிடித்து அனுப்புவார்.

செல்லப்பா தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், காலை டீயைக் குடித்துவிட்டு, கடைப் படியில் உட்கார்ந்த இடத்தில் செத்துப்போனார். நோய் என்று எதுவும் இல்லை. எதிரே டயர்க் கடை வைத்திருக்கும் அஃப்சல்தான் ஓடிவந்து தாங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்ததும் அவர்தான்.

"மைனி... அண்ணன்... மைனி, அண்ணன் போயிட்டாரு."

சுகிர்தத்தின் கையிலிருந்து போன் நழுவவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த எடத்துல?"

"டீக்கடைப் படியில மைனி. அங்கனயே..."

"சரி. அண்ணாச்சி, அவரு செருப்பு அங்கன கிடக்கும். எடுத்து வச்சிக்கிடுங்க."

ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அஃப்சல் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போய்ச் செருப்பை எடுத்துவந்தார். ஆனால் அவர் அதை யாரிடமோ அழுதுகொண்டே சொல்ல, அந்த ஆள் அழாமல் இன்னொருவரிடம் சொல்ல, சவப்பெட்டி வீட்டுக்கு வரும் முன்பே மேலகரம் முழுவதும் தெரிந்துவிட்டது. புருசன் செத்த செய்தி கேட்டதும் செருப்பைக் கேட்டாளாம்.

அடக்கத்தை முன்நின்று நடத்தியவர் செல்லப்பாவின் அண்ணன் பெஞ்சமின். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தல், நாற்காலி, பெட்டி, பாடகர் குழு எல்லாவற்றையும் திருவிழா பந்தோபஸ்து மாதிரி அந்தந்த இடத்தில் நிறுத்தினார். ஜெனிக்கு விமானம் கிடைக்கவில்லை. அவள் பார்ப்பதற்காகவும், மும்பையிலும் துபாயிலும் இருக்கும் சொந்தங்களுக்காகவும் வீடியோக்காரன் ஜெபசிங்கை வரவழைத்து, எல்லாம் நேரலையாகப் போக ஏற்பாடு செய்தார். தென்காசிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்போது பெட்டிக்குச் சொல்லும் முன்பே வீடியோவுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சுகிர்தத்தின் ஆட்கள். செல்லப்பா அவர்களை வருஷக்கணக்காக ஏற்றி இறக்கியவர். அவர்களுக்கு நிஜமாகவே துக்கம்தான். ஆனால் ஜெபசிங் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் சரியா என்று பார்க்கக் கையை உயர்த்தினான். உயர்ந்த கையைக் கண்டதும் பழக்கத்தில் எல்லாரும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். கை இறங்கியதும் சட்டென்று நிறுத்தினார்கள். அவனுக்கே பயமாகப் போய்விட்டது. மறுபடி கையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி அழுகை.

அந்த அழுகைக்கு நடுவில் அழாத ஒரே முகம் சுகிர்தத்தின் முகம். அவள் உட்காரவும் இல்லை. வெயிலில் நின்றவர்களை நிழலுக்குள் வரச் சொன்னாள். பெட்டி தூக்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பாடகர் குழுவுக்கு ஃபேனைத் திருப்பிவிட்டாள். ஜெபசிங் கேமராவோடு அவள் பின்னாலேயே ஓடினான். ஒரு நிமிஷம் அவள் ஒரே இடத்தில் நின்றால்தானே. பெட்டி மூடும் நேரம், "ஒரு சத்தம் போட்டு அழுதிருட்டி, நெஞ்சு லேசாவும்" என்று பெஞ்சமினின் மனைவி பெர்சிஸ் அவளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். சுகிர்தம் குனிந்தாள், பார்த்தாள், நிமிர்ந்தாள். அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் முப்பிடாதி கொண்டுவந்த இட்லியை வாங்கித் தின்றாள். பசித்தது. தின்றாள். அதையும் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெனி பேசினாள். நேரலையை ஆஸ்பத்திரி ஓய்வறையில் பார்த்திருக்கிறாள், கூட வேலை பார்க்கும் பெண்களோடு. கீழே சொந்தக்காரர்கள் எழுதியதெல்லாம் வந்துகொண்டிருந்திருக்கிறது. மனைவி எங்கே? அந்த நீலச் சேலையா? ஏன் அழவில்லை?

"ம்மா. நீ ஏன்மா அழல?"

"வரலட்டி."

"வரலையா? அப்பாவுக்கு உனக்கு அழுகை வரலையா?"

"அப்ப வரல."

"சாக்கடையில பூனை செத்தாக்கூட டி.வி.ல அழுவியேம்மா. எல்லாரும் என்கிட்ட கேக்காவ. நான் என்ன சொல்ல?"

"கேக்கவங்களை என்கிட்டப் பேசச் சொல்லு."

ஜெனி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பேசுவதென்றால் பெரியப்பா பெஞ்சமினிடம்தான் பேசினாள். அப்பாவின் கல்லறைக்கு என்ன கல், நினைவுக் கூட்டம் எப்போது, தனக்கு எப்போது லீவு, எல்லாம் அங்கே போய், அங்கிருந்து சுகிர்தத்துக்கு வந்தது. மகள் ஒருத்தி. அவள் குரலை இன்னொருவர் வாய் வழியாகக் கேட்பது சுகிர்தத்துக்குப் பெட்டி மூடியதைவிட வலித்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

சில நாளில் மேனேஜர் தயங்கித் தயங்கிப் பேசினார். இலத்தூர் வீட்டில் காட்சி. ரைஸ்மில் முதலாளி மாரடைப்பில் செத்துப்போகிறார். முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்.

"வாரேன்" என்றாள்.

பெர்சிஸ் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "கல்லறை மண்ணு காயல, அதுக்குள்ள மேக்கப்பாட்டி?"

"மேக்கப் கிடையாதுக்கா. தலை சீவாம வரச் சொல்லுதாவ."

"சொந்த வீட்டுல அழ மாட்டா, எவன் வீட்டுலயோ போய் அழுவாளாம்!"

"அங்க அழுவுறது என் வேலை. இங்க எனக்கு வேலையா கொடுத்தீக? யாரு டைரக்டரு, நீங்களா?"

வேறொரு வேனில் போனார்கள். இலத்தூர் வீட்டில் முதலாளியாக நடிப்பவர் பெஞ்சில் படுத்துத் தயாராக இருந்தார். மெட்ராஸ் டைரக்டர், இளவயசு, நல்ல மாதிரிதான். சுகிர்தத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேள்விப்பட்டேன்மா. கஷ்டமாயிருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க... இந்த நேரத்துல உங்களுக்கு இந்த சீன் நிஜமாவே வரும். அதை அப்படியே குடுங்க. உங்களுக்கு குளோஸப் வைக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் அவளுக்கு யாரும் குளோஸப் வைத்ததில்லை.

"சார், அவரை நான் இங்க கூட்டிட்டு வரல. வீட்டுல விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். உங்க ரைஸ்மில்காரருக்கு எம்புட்டு வேணும்னு சொல்லுங்க, அழுதுட்டுப் போறேன்."

"சரிம்மா, உங்க இஷ்டம்" என்றார் டைரக்டர். கேமரா பக்கத்தில் வந்தது. சுகிர்தம் ஒரு கொட்டாவியை நினைத்தாள், அடக்கினாள். கண் நிறைந்தது, உதடு கோணியது, கன்னத்தில் வழிந்தது. செல்லப்பாவை நினைக்கவில்லை. நினைப்பு வாசல்வரை வந்தபோது, விரட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த முப்பிடாதிதான் நிஜமாக அழுதாள். அவளைக் கேமரா எடுக்கவில்லை.

அது ஒளிபரப்பான அன்று தென்காசி முழுக்கப் பேச்சு. செருப்பைக் கேட்டவள் ரைஸ்மில்காரருக்கு எப்படி அழுகிறாள் பார் என்றார்கள். காய்கறிக் கடையில் ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். "ஆமா, நல்லா அழுதேன்ல?" என்று கேட்டுவிட்டுக் கத்திரிக்காயைப் பொறுக்கினாள் சுகிர்தம்.

ஜெனியிடமிருந்து நேராக ஒரு செய்தி வந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு. "சீரியல்ல அழுதியாமே. ஃபிரெண்ட்ஸ் சொன்னாங்க. நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்."

சுகிர்தம் பதில் எழுதப் போனை எடுத்தாள். ஒரே வரி போதும். அப்பாவை நினைத்துத்தான் அழுதேன் என்று எழுதினால் மகள் உடனே போன் செய்வாள். அவளும் அழுவாள். எல்லாம் சரியாகிவிடும். எழுதவில்லை. "சாப்பிட்டியா?" என்று எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை.

நினைவுக் கூட்டத்துக்கு ஜெனிக்கு லீவு கிடைக்கும் தேதியாகப் பார்த்து ஒரு நாள் குறித்தார்கள். சபை மண்டபத்தில் ஜெபம், பாட்டு, பிறகு திரையில் செல்லப்பாவைப் பற்றி ஒரு வீடியோ, பிறகு டீ. வீடியோ பெஞ்சமினின் யோசனை. ஜெபசிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுகிர்தத்தின் வீட்டுக்கு வந்தான்.

"சித்தி, எல்லாரும் இருக்காவ. உங்க குளோஸப்பு ஒன்னுகூட இல்ல. நீங்க ஃபிரேமுக்குள்ளயே நிக்க மாட்டேங்கீங்க."

"நிக்க நேரமில்லடே."

"அதான் ஒரு ஐடியா." குரலைத் தாழ்த்தினான். "அந்த ரைஸ்மில் சீன்ல உங்க மூஞ்சி சூப்பரா இருக்கு. கலரை எடுத்துட்டு பிளாக் அண்ட் ஒயிட்டாக்கி, பின்னால வயலின் விட்டுட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. ஜெனியும் பாக்கலைன்னு சொல்லுதாவ. அது மனசு ஆறிரும்."

"அது ரைஸ்மில்காரருக்கு அழுதது."

"அழுகை அழுகைதானே சித்தி."

"உன் கல்யாண வீடியோல வேற ஒரு பொண்ணு மூஞ்சியை ஒட்டித் தந்தா, பொண்ணு பொண்ணுதானேன்னு வச்சுக்கிடுவியா?"

ஜெபசிங் லேப்டாப்பை மூடினான். அன்று மாலை பெஞ்சமின் போனில் பேசினார். சத்தம் போடவில்லை, கேஸ் விசாரிக்கிற நிதானம்.

"சுகிர்தம், ஊருக்காவ நான் கேக்கல. பிள்ளை வாரா. வந்து உன் வீட்டுக்கு வர மாட்டேங்கா, என் வீட்டுலதான் இறங்குவேங்கா. உனக்கு மக வேணுமா வேண்டாமா?"

"வேணும் அத்தான்."

"அப்ப பேசாம இரி."

"வேணும்னுதான் அத்தான் வேண்டாங்கேன்."

"ம்" என்று போனை வைத்தார். தான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று சுகிர்தம் நினைத்தாள்.

ஜெனி வந்து பெரியப்பா வீட்டில்தான் இறங்கினாள். மண்டபத்தில்தான் அம்மாவைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊர் பார்க்கிறதே என்பதற்காக. நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தாள்.

போதகர் ஜெபம் செய்தார். பாடினார்கள். விளக்குகளை அணைத்துவிட்டுத் திரையில் செல்லப்பாவைக் காட்டினார்கள். வேனோடு செல்லப்பா, ஜெனியைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தருவி முன்னால் செல்லப்பா, தலை நனைந்து பல்லைக் காட்டிக்கொண்டு செல்லப்பா. பிறகு பந்தல், பெட்டி, அழும் பெண்கள். வயலின் ஏறியது. திரை கறுப்பு வெள்ளையானது. முழுத் திரைக்கும் சுகிர்தத்தின் முகம். கண் நிறைந்து, உதடு கோணி, நீர் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது.

மண்டபத்தில் "ச்சு ச்சு" என்ற சத்தம் எழுந்தது. தொடர் பார்க்கிறவர்களுக்கு அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இராது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று விட்டுவிட்டார்கள். முப்பிடாதி மட்டும் "அடப்பாவி" என்று முணுமுணுத்தாள்.

ஜெனி திரையைப் பார்த்தாள். வாய்மேல் கை போயிற்று. இன்னொரு கை நடுவிலிருந்த இடத்தைத் தாண்டி வந்து அம்மாவின் கையைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. "ம்மா" என்றாள், சத்தமில்லாமல்.

அந்தக் கை வரவேண்டும் என்றுதான் சுகிர்தம் இத்தனை நாள் கிடந்தாள். வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். திரையில் அவள் முகம் இன்னும் அழுதுகொண்டிருந்தது. ஜெபசிங் அதை இரண்டு தடவை ஓட விட்டிருந்தான்.

சுகிர்தம் மகளின் கையை விலக்கினாள். எழுந்தாள். நாற்காலிகளுக்கு இடையில் நடந்து, சுவரோரம் போய், புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

இருட்டு. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"சுகிர்தம்!" பெஞ்சமின் எழுந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணுத? உக்காரு."

"அது நான் அவருக்கு அழுதது இல்ல அத்தான். ரைஸ்மில் முதலாளிக்கு அழுதது." வயரைக் கையில் பிடித்தபடி அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பழக்கப்பட்ட குரல், கடைசி வரிசைவரை போனது. "இலத்தூர்ல எடுத்தது. கொட்டாவியை அடக்கி அழுதேன். முப்பிடாதியக் கேளுங்க."

"இப்ப இதைச் சொல்லணுமாட்டி?" என்று பெர்சிஸ் பல்லைக் கடித்தாள். "பிள்ளை இப்பத்தானே மனசு எளகினா?"

"பிள்ளைகிட்டத்தான் சொல்லுதேன். ஜெனி, இங்க பாரு. எங்கன வேணும்னாலும், யாருக்கு வேணும்னாலும் நடிப்பேன். எனக்கு அதுல வெக்கமில்ல. உங்கப்பாவை வச்சு நடிக்க மாட்டேன். நீ பேசாமப் போனாலும் மாட்டேன்."

ஜெனியின் முகம் சிவந்திருந்தது. ஏமாந்த கோபம்.

"அப்ப எப்பத்தாம்மா அழுத நீ?"

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டகூடவா?"

"உன்கிட்டகூடத்தான். அது எனக்கும் உங்கப்பாவுக்கும்."

பெஞ்சமின் நடந்து வந்து வயருக்காகக் கையை நீட்டினார். போலீஸ்காரர் கை, நீட்டினால் கொடுத்துவிடுவார்கள் என்று பழகிய கை. சுகிர்தம் கொடுக்கவில்லை. அவர் பிடித்து இழுத்தார்.

"பெரியப்பா, விடுங்க."

ஜெனி நடுவில் வந்து நின்றாள். வயரின் இன்னொரு இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அழல" என்றாள்.

"என்னம்மா?"

"நானும் அழல பெரியப்பா. லைவ்வை ஆஃப் பண்ணிட்டு வார்டுக்குப் போனேன். ஆறு பேருக்கு ஊசி போட வேண்டியிருந்துச்சு. போட்டேன். கூட இருந்தவளுவ என்னை ஒரு மாதிரி பாத்தாளுவ." குரல் உடையவில்லை, வேகமாக வந்தது, வாந்தி எடுப்பது போல. "எனக்குப் பயமா இருந்துச்சு. எனக்குத்தான் என்னமோ கோளாறுன்னு நெனைச்சேன். அம்மா அழுதிருந்தா... யாராவது ஒருத்தியாவது ஒழுங்கா அழுதிருந்தா நல்லா இருக்கும்னு நெனைச்சேன். அவ்வளவுதான்."

பெஞ்சமின் வயரை விட்டுவிட்டார்.

போதகர் மணியைப் பார்த்துக்கொண்டு, டீக்குப் போகலாமா என்று மெல்லக் கேட்டார். ஜெனி லேப்டாப்பின் பின்னால் ஒளிந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்த ஜெபசிங்கிடம் போனாள்.

"அண்ணே, நீங்க வெட்டாதது இருக்கா? முழுசு?"

"இருக்கு. ஆனா சித்தி எங்கயும் சரியா..."

"அதைப் போடுங்க."

சுகிர்தமே பிளக்கைச் செருகினாள். இம்முறை வயலின் இல்லை. ஃபேன் சத்தமும், யாரோ நாற்காலி கேட்பதும், குழந்தை ஒன்று வீறிடுவதும்தான். ஜெபசிங்கின் கை உயர்வதும், பெண்கள் அழுவதும், கை இறங்கியதும் நிறுத்துவதும் அப்படியே திரையில் ஓடியது. "ஐயோ, நாமளாட்டி இது?" என்று முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டாள். பின்வரிசையில் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

நீலச் சேலை ஓரத்தில் வந்து வந்து போனது. ஃபேனைத் திருப்பியது. தண்ணீர்ச் செம்போடு போனது. பிறகு பெட்டி மூடும் நேரம். பெர்சிஸ் தள்ள, நீலச் சேலை பெட்டியின் கால்மாட்டில் வந்து குனிந்தது. எல்லாரும் முகத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. செல்லப்பாவின் கால்களில் வெள்ளைச் சாக்ஸ் மாட்டியிருந்தார்கள். ஒரு காலில் அதன் குதிகால் பக்கம் மேலே திரும்பி, பாதத்தின்மேல் புடைத்துக்கொண்டிருந்தது. சுகிர்தம் அதைக் கழற்றவில்லை. இரண்டு விரலால் பிடித்து மெல்லச் சுற்றி, குதிகாலைக் குதிகாலில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். விரல் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். நிமிர்ந்து நகர்ந்தாள். மூடி இறங்கியது.



"பாத்தீகளா," என்று பெர்சிஸ் மூக்கை உறிஞ்சினாள். "இதுல்லா பாசம்! நாம என்னென்னமோ பேசிட்டோமே..." சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். முன்வரிசைப் பெண்களும் தலைப்பைத் தேடினார்கள்.

சுகிர்தம் சட்டென்று திரும்பினாள்.

"பாசமுமில்ல, ஒன்னுமில்லக்கா. சாக்ஸ் திரும்பிக் கிடந்துச்சு."

ஜெனிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. துட்டிக் கூட்டத்தில் பெற்ற மகள் சிரிக்கிறாளே என்று முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இன்னும் சிரித்தாள்.